சூடேறும் பொத்தானும் உப்ஹார் மின்மாற்றியும்

மின்சாரம் ஓடும் பாதையில் ஓர் உலோகம் முடிந்து இன்னோர் உலோகம் தொடங்கும் இடத்துக்குத் தொடுமுனை என்று பெயர். சுவிட்சுக்குள் இருக்கும் சிறு பித்தளைத் தகடு, பிளக்கின் கால்கள் புகும் துளை, மீட்டர் பெட்டியில் கம்பியை இறுக்கும் திருகு, தெருமுனை மின்மாற்றியில் கேபிளின் நுனியில் பொருத்தப்படும் 'லக்' ஆகிய யாவும் தொடுமுனைகளே. கம்பியின் நடுப்பகுதி தானாகக் கருகுவது அரிது. சூடும் கருகலும் பெரும்பாலும் இந்தச் சேரும் இடங்களில்தான் தொடங்குகின்றன. இதைக் கைக்குள் அடங்கும் அளவில் காட்டுவது, 'மெக்கானிகல்' வகை வேப் கருவியின் அடியில் இருந்து விரலைச் சுடும் பொத்தான். இதையே 59 உயிர்களின் விலையில் காட்டியது, தில்லியின் கிரீன் பார்க் பகுதியில் உப்ஹார் திரையரங்கின் கீழ்த்தளத்தில் 1997 ஜூன் 13 அன்று எரிந்த மின்மாற்றி. அளவில் ஒப்பிடவே முடியாத இவ்விரண்டிலும் செயல்பட்ட இயற்பியல் ஒன்றுதான்.

வேப் அல்லது மின்சிகரெட் என்பது நிகோட்டின் கலந்த கிளிசரின் திரவத்தை மின்சூட்டால் ஆவியாக்கி உள்ளிழுக்கத் தரும் கருவி. இன்று பரவியுள்ள வடிவத்தை 2003இல் உருவாக்கியவர் ஹோன் லிக் என்ற சீன மருந்தாளர். இவற்றில் பெரும்பாலானவற்றுக்குள் ஒரு சிறு மின்னணுச் சுற்று இருக்கும். அது மின்னோட்டத்தை அளந்து, வரம்பு மீறினால் தானே துண்டித்துவிடும். மெக்கானிகல் வகையில் அந்தச் சுற்று கிடையாது. செம்பாலோ பித்தளையாலோ ஆன ஒரு குழாய், அதற்குள் ஒரு லித்தியம்-அயனி மின்கலம், மேலே கம்பிச்சுருள், கீழே பொத்தான், அவ்வளவே அதன் உறுப்புகள். பொத்தானை அழுத்தினால் மின்கலத்துக்கும் சுருளுக்கும் நடுவே காவலாளி எவருமின்றி மின்சாரம் ஓடும்.

இந்தியாவில் மின்சிகரெட்டைத் தயாரிப்பதும் இறக்குமதி செய்வதும் விற்பதும் இருப்பு வைப்பதும் விளம்பரப்படுத்துவதும் குற்றம். 2019 செப்டம்பர் 18 அன்று அவசரச் சட்டமாக வந்து, அதே ஆண்டு டிசம்பரில் நாடாளுமன்றச் சட்டமாக நிலைபெற்ற இத்தடையின்படி, இருப்பு வைப்பதல்லாத முதல் குற்றத்துக்கு ஓராண்டு வரை சிறையோ 1 லட்சம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம். மறுமுறை செய்தால் 3 ஆண்டு வரை சிறையும் 5 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. தடைக்குச் சொல்லப்பட்ட காரணம் உடல்நலம், குறிப்பாக இளையோர் நிகோட்டினுக்கு அடிமையாவதைத் தடுப்பது. எனினும் மின்னியல் நோக்கில் மட்டும் பார்த்தாலும் மெக்கானிகல் வகைக் கருவி நம்பத்தக்கதன்று. அமெரிக்கத் தீயணைப்பு நிர்வாகம் 2017இல் வெளியிட்ட அறிக்கை, 2009 முதல் 2016 முடிய அந்நாட்டின் ஊடகங்களில் பதிவான மின்சிகரெட் தீ, வெடிப்பு நிகழ்வுகளை 195 என்று கணக்கிட்டது. அதன் பின்னர் 2018இல் புளோரிடாவிலும் 2019 ஜனவரியில் டெக்சாஸிலும் கருவி வெடித்து இருவர் உயிரிழந்தனர்.

பொத்தான் ஏன் சுடுகிறது என்பதை அறிய முதலில் ஓடும் மின்னோட்டத்தின் அளவை அறிய வேண்டும். இக்கருவிகளில் மிகுதியாகப் பயன்படும் மின்கலம் 18650 எனப்படுவது. 18 மில்லிமீட்டர் விட்டமும் 65 மில்லிமீட்டர் நீளமும் உடையதால் அப்பெயர் பெற்றது. முழுதாக மின்னேற்றப்பட்ட நிலையில் அதன் மின்னழுத்தம் 4.2 வோல்ட். சுருளின் மின்தடை 0.2 ஓம் என்று கொண்டால், வேறு எத்தடையும் இல்லாதபோது பாயும் மின்னோட்டம் 21 ஆம்பியர். தில்லியின் டிசம்பர் குளிரில் ஒரு வாளி நீரைக் காய்ச்சும் 2,000 வாட் கீசருக்கு 230 வோல்ட்டில் ஏறத்தாழ 9 ஆம்பியர் போதும். ஆக, சுவரில் பெரிய பிளக்கும் தடித்த கம்பியும் கேட்கிற கீசரைப் போல இருமடங்குக்கும் மேலான மின்னோட்டம், கட்டைவிரல் பருமனுள்ள ஒரு குழாயின் அடியில் இருக்கும் பொத்தான் வழியே ஓடுகிறது.

மின்னோட்டம் தடையைக் கடக்கும்போது பிறக்கும் வெப்பம், மின்னோட்டத்தின் வர்க்கத்தை மின்தடையால் பெருக்கிய அளவு என்பதை ஜேம்ஸ் ஜூல் 1840களின் தொடக்கத்தில் நிறுவினார். இந்த 'வர்க்கம்' என்ற சொல்லில்தான் ஆபத்து இருக்கிறது. மின்னோட்டம் இருமடங்கானால் சூடு நான்கு மடங்காகும். பொத்தானில் ஓர் ஓமில் நூறில் ஒரு பங்கு, அதாவது 10 மில்லிஓம் தடை இருந்தால், பாயும் 20 ஆம்பியர் அங்கே 4 வாட் வெப்பத்தை எழுப்பும். படுக்கையறை இரவு விளக்கின் திறன் இது. காசு அகலமே உள்ள உலோகத் துண்டுக்குள் அடைபட்டால் சில நொடிகளில் விரல் உணரும். அழுக்கேறித் தடை 50 மில்லிஓம் ஆகும்போது மொத்த மின்னோட்டம் 17 ஆம்பியருக்குக் குறைந்துவிடும், ஆனால் பொத்தானில் பிறக்கும் வெப்பம் 14 வாட்டாக உயர்ந்துவிடும். சுருளுக்குப் போக வேண்டிய ஆற்றலைப் பொத்தான் வழியிலேயே பறித்துக்கொள்வதால் ஆவி குறைகிறது. ஆவி குறைவதால் பயன்படுத்துபவர் இன்னும் நீண்ட நேரம் அழுத்துகிறார். பழுதான உறுப்புக்குக் கூடுதல் வேலை கிடைக்கிறது. பழுதைப் பெருக்கும் இந்தச் சுழற்சி வேப் கருவிக்கு மட்டும் உரியதன்று என்பதைப் பின்னர் காணலாம்.

வழவழப்பான இரண்டு உலோகப் பரப்புகளை அழுத்திச் சேர்த்தால் அவை முழுவதும் ஒட்டிக்கொள்ளும் என்பது கண்ணின் மயக்கம். நன்கு கொத்திய ஓர் அம்மிக்கல்லின்மேல் அதேபோல் கொத்திய இன்னொன்றைக் கவிழ்த்து வைத்தால், மேடுகள் மேடுகளைத் தொடுமே தவிர பள்ளங்கள் பள்ளங்களைத் தொடா. உருப்பெருக்கியின் கீழ் மெருகேற்றிய செம்பும் அப்படித்தான் இருக்கிறது. சுவீடனில் பிறந்து பெர்லினின் சீமென்ஸ் ஆய்வகத்தில் பணியாற்றிய ராக்னர் ஹோல்ம் என்ற இயற்பியலாளர், தம் வாழ்நாளின் பெரும்பகுதியை இந்த மேடுகளின் ஆராய்ச்சிக்கே செலவிட்டார். மின்சாரம் தொடுபரப்பு முழுவதும் பரவிக் கடப்பதில்லை, மைக்ரோமீட்டர் அளவிலான சில புள்ளிகள் வழியே நெருக்கியடித்துக்கொண்டு கடக்கிறது என்றும், அந்த நெருக்கடியே ஒரு தடையாகிறது என்றும் அவர் கணக்கிட்டுக் காட்டினார். 10 மைக்ரோமீட்டர் ஆரமுள்ள ஒற்றைப் புள்ளியில் இரு செம்புத் துண்டுகள் தொட்டுக்கொண்டால், அந்தப் புள்ளியின் தடை மட்டும் ஏறக்குறைய 0.85 மில்லிஓம். பல மீட்டர் நீளமுள்ள தடித்த செம்புக் கம்பியின் தடை அளவுக்கு, கண்ணுக்குத் தெரியாத ஒரு புள்ளி தடுக்கிறது.

இதிலிருந்து நடைமுறைக்கு உதவும் ஒரு முடிவு கிடைக்கிறது. தொடுமுனையின் நலத்தைத் தீர்மானிப்பது பரப்பின் அகலத்தைவிட அழுத்தத்தின் வலிமையே. அழுத்தம் கூடினால் மேடுகள் நசுங்கி, தொடும் புள்ளிகளின் எண்ணிக்கையும் அளவும் கூடும். தளர்ந்தால், எவ்வளவு அகலமான தகடாக இருந்தாலும் இரண்டு மூன்று புள்ளிகளே மொத்தச் சுமையையும் தாங்கும். மின்பணியாளர்கள் 'லூஸ் கனெக்‌ஷன்' என்று ஒரே சொல்லில் முடிக்கும் குறைக்குப் பின்னால் இருக்கும் அறிவியல் இதுவே.

நெருக்கடித் தடையோடு படலத் தடையும் சேர்கிறது. செம்பும் பித்தளையும் காற்றில் கறுத்து ஆக்சைடு படலம் போர்த்துக்கொள்கின்றன. அலுமினியமோ வெட்டிய கணமே சில நானோமீட்டர் தடிமனுள்ள, மின்சாரத்தை அறவே கடத்தாத ஆக்சைடு தோலை வளர்த்துக்கொள்கிறது. வேப் கருவியில் இவற்றோடு கிளிசரின் கசிவும் சேர்ந்து, திருகுமரைகளுக்குள் புகுந்து, சூட்டில் பிசினாகக் காய்ந்துவிடுகிறது. சுவிட்சுகளிலும் ரிலேக்களிலும் வெள்ளியோ வெள்ளிக் கலவையோ பூசப்படுவதற்குக் காரணம், அது மிக நன்றாகக் கடத்துவதும், அதன் ஆக்சைடு பெருந்தடையாக வளராததும்தான். ஆனால் வெள்ளிக்கு எதிரி கந்தகம். நஜஃப்கர் வடிகால் போன்ற தில்லியின் திறந்த கழிவுநீர்க் கால்வாய்களில் அழுகும் கழிவிலிருந்து எழும் ஹைட்ரஜன் சல்பைடு வளிமம் வெள்ளியையும் செம்பையும் கறுக்கச் செய்யவல்லது. ஆகவே நகரத்தின் காற்றுக்கும் தொடுமுனையின் ஆயுளுக்கும் தொடர்பு உண்டு.

விரல் உணரும் சூட்டைக் கொண்டு உள்ளே இருக்கும் சூட்டை மதிப்பிடுவது பெரும் பிழையாகும். உலோகத்தில் மின்சாரத்தையும் வெப்பத்தையும் சுமப்பவை ஒரே எலக்ட்ரான்கள் என்பதால், தொடும் புள்ளியின் இரு பக்கத்துக்கும் இடையே விழும் மின்னழுத்தத்தை அளந்தாலே அப்புள்ளியின் வெப்பநிலையைக் கணக்கிட்டுவிடலாம். செம்புக்கு அந்த வீழ்ச்சி 0.12 வோல்ட்டை எட்டினால் புள்ளியில் உள்ள உலோகம் இளகி மென்மையாகத் தொடங்கும், 0.43 வோல்ட்டை எட்டினால் உருகும். மேலே சொன்ன 10 மில்லிஓம் பொத்தானில் 20 ஆம்பியர் பாயும்போது விழுவது 0.2 வோல்ட். அது முழுவதும் ஒரே தொடுபுள்ளியில் விழுமானால் அங்கே வெப்பநிலை 400 டிகிரி செல்சியஸைத் தாண்டும். அந்த நேரத்தில் பொத்தானின் வெளிப்புறம் இளஞ்சூடாக மட்டுமே இருக்கும், ஏனெனில் அவ்வெப்பம் மில்லிமீட்டரில் ஒரு சிறு பங்கே உள்ள இடத்தில் பிறந்து, சுற்றிலும் உள்ள உலோகத்தில் பரவி, நீர்த்துப்போய்த்தான் விரலை அடைகிறது.

பொத்தானின் அமைப்பு சூட்டை மேலும் வளர்க்கிறது. அழுத்திய பொத்தானை மீளத் தள்ளுவதற்கு அதன் கீழே ஒரு சுருள்வில் இருக்கும். மின்சாரம் பொத்தானின் தண்டு வழியாகப் போக வேண்டும், வில் வழியாகப் போகக் கூடாது. ஆனால் தண்டின் முனை அழுக்கேறினால் மின்சாரம் தனக்கு எளிதான வழியைத் தேடும், வில்லும் ஒரு வழிதானே. வில்லின் எஃகு செம்பைவிடப் பல மடங்கு தடை கொண்டது. மெல்லிய நீண்ட கம்பியாகச் சுருட்டப்பட்டிருப்பதால் அந்தத் தடை இன்னும் பெருகுகிறது. ஓரிரு முறை பழுக்கக் காய்ந்த வில் தன் விறைப்பை இழந்து படுத்துவிடும். படுத்துவிட்டால் பொத்தான் மேலே எழாது. எழாவிட்டால் மின்சாரம் நிற்காது. வில்லுக்குப் பதிலாகக் காந்தங்களை எதிரெதிராக வைக்கும் வழக்கமும் உண்டு. சாதாரண வகை நியோடிமியக் காந்தம் 80 டிகிரியைக் கடந்தால் வலிமையை இழக்கத் தொடங்கும் என்பதால், அதுவும் நெடுநாள் உதவுவதில்லை.

எனவே பொத்தான் சுடும்போது முதலில் கேட்க வேண்டியது, எந்த இடம் முதலில் சூடாகிறது என்பதே. கருவியின் மேற்புறம் சூடானால் அது சுருளின் இயல்பான வெப்பம். குழாயின் நடுப்பகுதி சூடானால் மின்கலம் தாங்காத சுமையைச் சுமக்கிறது என்று பொருள். அடிப்புறம் மட்டும் சூடானால் பழுது பொத்தானிலோ அதன் மரையிலோ வில்லிலோ இருக்கிறது. கறுப்பேறிய தொடுமுனையை எமரித் தாளால் தேய்ப்பது பலரும் செய்யும் தவறு, ஏனெனில் அழுக்கோடு மேலே பூசியிருக்கும் வெள்ளியும் போய்விடும். அடுத்த கறுப்பு முன்னைவிட விரைவாக வரும். ஆல்கஹால் நனைத்த துணியால் துடைப்பதும், நிறம் மாறிய வில்லை எடுத்தெறிவதுமே பொதுவாகச் சுவிட்சுகளுக்குப் பொருந்தும் வழி. எனினும் இக்கருவியைப் பொறுத்தவரை துடைத்துத் திருத்துவது தீர்வாகாது. பொத்தானை அடுத்தே மின்கலத்தின் அடிப்பகுதி ஒட்டிக்கொண்டிருக்கிறது. லித்தியம்-அயனி மின்கலத்துக்குள் நேர்முனையையும் எதிர்முனையையும் பிரித்துவைக்கும் பாலித்தீன் சவ்வு 130 டிகிரி அளவில் உருகிவிடும். அதன்பின் மின்கலம் தன் சூட்டாலேயே தன்னை மேலும் சூடாக்கிக்கொள்ளும். மூடிய உலோகக் குழாய்க்குள் அது நிகழ்ந்தால் வெளியேற வழியற்ற வளிமம் குழாயையே வெடிகுண்டாக்கிவிடும். தடையை மீறி எங்கேனும் ஒருவர் கையில் இக்கருவி இருந்து, அதன் பொத்தான் சுடுமானால், மின்கலத்தைக் கழற்றி மின்னணுக் கழிவு வாங்கும் இடத்தில் ஒப்படைத்துவிடுவதே அறிவியலும் சட்டமும் ஒருசேரச் சொல்லும் வழி. அம்மின்கலத்தைக் குப்பைத்தொட்டியில் எறிந்தால், ஆபத்து தில்லியின் சீலம்பூர் போன்ற இடங்களில் வெறுங்கையால் கழிவைப் பிரித்து வாழும் தொழிலாளரிடம் போய்ச் சேரும்.

பொத்தானை விடும்போது நிகழ்வதும் கருதத்தக்கது. தொடுமுனைகள் பிரியும் கடைசிக் கணத்தில் மீதமிருக்கும் ஒற்றைப் புள்ளி வழியே முழு மின்னோட்டமும் பாய்வதால் அப்புள்ளி உருகி, இரு முனைகளுக்கும் நடுவே உருகிய உலோகம் ஒரு நூலிழைப் பாலமாக நீண்டு, பின் வெடித்து அறுகிறது. ஒவ்வொரு அழுத்தலுக்கும் ஒரு சிறு குழியும் ஒரு சிறு மேடும் மிஞ்சுகின்றன. செம்பு முனைகளுக்கிடையே மின்வில் எனப்படும் தொடர் தீப்பொறி நிலைபெற ஏறக்குறைய 13 வோல்ட் வேண்டும். 4 வோல்ட் கருவியில் அது நிலைக்காது. வீட்டு மின்சாரத்தின் 230 வோல்ட்டுக்கும் மின்மாற்றியின் 415 வோல்ட்டுக்கும் அந்த வரம்பு ஒரு பொருட்டே அன்று. அங்கே தளர்ந்த இணைப்பு சூடாவதோடு நிற்காமல் பொறி கக்கவும் தொடங்கும்.

உப்ஹார் திரையரங்கின் கீழ்த்தளத்தில் இரண்டு மின்மாற்றிகள் இருந்தன. ஒன்று திரையரங்குக்கு உரியது. 1,000 கேவிஏ திறனுள்ள பெரியது, சுற்றுவட்டாரத்துக்கு மின்சாரம் தந்த தில்லி வித்யுத் வாரியத்துக்கு உரியது. 1989 ஜூலை 6 அன்றே அக்கட்டடத்தின் மின்மாற்றியில் ஒரு முறை தீப்பற்றியது. 1997 ஜூன் 13 காலை 6.55 மணியளவில் பெரிய மின்மாற்றியில் மறுபடியும் தீ எழுந்தது. வாரியத்தின் பணியாளர்கள் வந்து, முற்பகல் 10.30க்கும் 11.30க்கும் இடையே, தாழ்வழுத்தப் பக்கத்தில் 'பி' கட்டத்துக் (ஃபேஸ்) கேபிள்களின் நுனியில் இரண்டு அலுமினிய லக்குகளை மாற்றிவிட்டு மின்சாரத்தை மீட்டனர். அந்த லக்குகளைக் கேபிளில் பொருத்தக் கிரிம்பிங் கருவி பயன்படுத்தப்படவில்லை, அச்சும் சுத்தியலும் கொண்டே அடித்துப் பொருத்தினர் என்பது பின்னர் வழக்கில் நிறுவப்பட்டது.

கிரிம்பிங் என்பது கேபிளின் பல இழைகளையும் லக்கின் குழலையும் எல்லாப் பக்கமும் ஒரே சீராக, பல டன் விசையோடு நெருக்கி, இடையில் காற்றே இல்லாதபடி ஒன்றாக்கும் முறை. அவ்வளவு அழுத்தத்தில் அலுமினியத்தின் ஆக்சைடு தோல் உடைந்து, புது உலோகம் புது உலோகத்தைத் தொடும். சுத்தியல் அடி ஓரிடத்தை நசுக்கும், இன்னோரிடத்தை விட்டுவிடும். விட்ட இடத்தில் புகும் காற்று ஆக்சைடை வளர்க்கும். வெளிப்பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும், இழுத்துப் பார்த்தாலும் இரண்டும் பிடித்துக்கொண்டுதான் இருக்கும். ஆயிரம் கேவிஏ மின்மாற்றியின் தாழ்வழுத்தப் பக்கத்தில் முழுச் சுமையின்போது ஒவ்வொரு கட்டத்திலும் ஏறத்தாழ 1,400 ஆம்பியர் ஓடும். அதில் ஒரு கேபிள் 500 ஆம்பியர் சுமப்பதாகவும் அதன் இணைப்பில் 1 மில்லிஓம் தடை மட்டுமே இருப்பதாகவும் கொண்டால்கூட அங்கே பிறக்கும் வெப்பம் 250 வாட், அதாவது ஒரு கைப்பிடி உலோகத்துக்குள் பத்து சால்டரிங் இரும்புகளை ஒருசேரச் செருகி வைத்ததற்கு ஈடு.

அன்று பிற்பகல் 3 மணிக் காட்சியாக 'பார்டர்' திரைப்படம் ஓடிக்கொண்டிருந்தது. 3.55 முதல் 4.55 வரை அப்பகுதியில் மின்வெட்டு. சூடாகி விரிந்த இணைப்பு ஆறிச் சுருங்குவதும், சுமை வந்ததும் மீண்டும் விரிவதும் தளர்வை மிகுவிக்கும் என்பது தொடுமுனை இயலின் பொதுவிதி. 4.55க்கு மின்சாரம் திரும்பிய சற்று நேரத்தில், தளர்ந்து பொறி கக்கிக்கொண்டிருந்த 'பி' கட்டத்துக் கேபிள்களுள் ஒன்று 'பஸ்பார்' எனப்படும் உலோகப் பட்டையிலிருந்து கழன்று விழுந்து, மின்மாற்றியின் குளிர்விப்புச் சிறகில் உரசியது. உரசிய இடத்தில் எழுந்த மின்வில் சிறகின் தகட்டைத் துளைத்தது. துளை வழியே வழிந்த மின்மாற்றி எண்ணெய் தீப்பற்றியது. அந்நிலையில் மின்சாரத்தை நொடிப்பொழுதில் துண்டிக்க வேண்டிய பாதுகாப்பு ரிலேக்கள் அங்கே இல்லை. 5.05 மணிக்கு மேல்நிலைத் துணைமின் நிலையத்தில் இணைப்பு தானாக அறுபடும் வரை அந்தக் கேபிளில் உயிர் இருந்தது. அதற்குள் கீழ்த்தளத்து வாகனங்களுக்குத் தீ பரவ, புகை படிக்கட்டு வழியே மேலேறிப் பால்கனியை நிறைத்தது. கூடுதல் இருக்கைகளுக்காக வழிகள் அடைக்கப்பட்டிருந்த அந்தப் பால்கனியில் சிக்கியவர்களே இறந்தவர்களுள் பெரும்பாலோர். அவர்களைக் கொன்றது நெருப்பு அன்று, புகை. 59 பேர் இறந்தனர், நூற்றுக்கும் மேற்பட்டோர் காயமுற்றனர். 2007 நவம்பரில் விசாரணை நீதிமன்றம் குற்றவாளிகளெனத் தீர்த்த 12 பேருள் மின்வாரியத்தைச் சேர்ந்தோரும் இருந்தனர்.

அடைபட்ட வழிகளும் பணிசெய்யாத எச்சரிக்கைக் கருவிகளும் அந்தக் கொடுமையில் பெரும்பங்கு வகித்தன. அவற்றைப் பற்றி நிறைய எழுதப்பட்டுவிட்டது. ஆனால் முதல் கண்ணி ஒரு தளர்ந்த லக் என்பது போதிய அளவு நினைவில் நிற்கவில்லை. காலை 6.55க்கு எழுந்த தீ, அந்தத் தொடுமுனை அனுப்பிய வெளிப்படையான எச்சரிக்கை. அந்த எச்சரிக்கைக்குக் கிடைத்த மறுமொழி ஒரு மணி நேரச் சுத்தியல் வேலை. பழுது நீக்கப்பட்டதா என்று சோதிக்க அன்று நண்பகலுக்கும் மாலைக்கும் இடையே யாரேனும் அந்த இணைப்பின் வெப்பத்தை ஒரு முறை அளந்திருந்தால் போதும் என்று எண்ணாமல் இருக்க முடியவில்லை.

அலுமினியம் இத்தகைய துன்பத்தைப் பிற நாடுகளிலும் விளைவித்திருக்கிறது. செம்பின் விலை ஏறிய 1960களின் நடுவிலிருந்து 1970களின் தொடக்கம் வரை அமெரிக்காவில் ஏறத்தாழ 20 லட்சம் வீடுகளுக்கு அலுமினியக் கம்பி போடப்பட்டது. பின்னர் அந்நாட்டின் நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையத்துக்காக நடந்த ஆய்வு, செம்புக் கம்பி போட்ட வீடுகளைவிட அவ்வீடுகளின் பிளக் இணைப்புகள் தீ அபாய நிலையை எட்டும் வாய்ப்பு 55 மடங்கு என்று கண்டது. அலுமினியம் வெப்பத்தில் எஃகுத் திருகைவிட ஏறக்குறைய இருமடங்கு விரிகிறது. விரியும்போது திருகுக்கடியில் நசுங்கிப் பிதுங்குகிறது. ஆறும்போது பிதுங்கிய அளவுக்குத் தளர்வு மிஞ்சுகிறது. இந்தியாவிலும் பழைய வீடுகள் பலவற்றில் அலுமினியக் கம்பியே ஓடுகிறது. அவற்றின் சுவிட்சுப் பலகைகளில் திருகுகளை அவ்வப்போது இறுக்கச் சொல்லும் பழைய மின்பணியாளரின் அறிவுரை பொருளற்றதன்று.

தளர்ந்த இணைப்பின் மிகப் பெரிய வஞ்சகம், அது எந்தக் காவல் கருவியின் கண்ணிலும் படாமல் எரிவதுதான். ஃபியூசும் எம்சிபியும் மின்னோட்டம் வரம்பு மீறினால் துண்டிக்கும். ஆனால் தளர்ந்த இணைப்பு மின்னோட்டத்தைக் கூட்டுவதில்லை, சற்றே குறைக்கவும் செய்கிறது. 2,000 வாட் கீசரின் பிளக்கில் 0.3 ஓம் தடை ஏறிவிட்டால் மின்னோட்டம் 8.7 ஆம்பியரிலிருந்து 8.6 ஆகிறது, 16 ஆம்பியர் எம்சிபிக்கு எல்லாம் நலம். பிளக்கின் காலிலோ 22 வாட் இடைவிடாமல் எரிந்துகொண்டிருக்கிறது. மின்கசிவைக் கண்டு துண்டிக்கும் ஆர்சிசிபி, போகும் மின்னோட்டத்துக்கும் திரும்பும் மின்னோட்டத்துக்கும் வேறுபாடு உண்டா என்று மட்டுமே பார்க்கும். இங்கே போனது அப்படியே திரும்புவதால் அதுவும் வாளாவிருக்கும்.

இந்த இடத்தில் தமிழ் நாளிதழ்களின் ஒரு வழக்கத்தைக் குறிப்பிடுவது தகும். எங்கே தீப்பிடித்தாலும் 'மின்கசிவே காரணம்' என்று எழுதும் பழக்கம் வேரூன்றிவிட்டது. மின்கசிவு என்பது மின்சாரம் தன் பாதையை விட்டு உலோகக் கூட்டின் வழியோ ஈரச் சுவரின் வழியோ நிலத்துக்கு இறங்குவது. மின்சாரம் செல்லும் கம்பியும் திரும்பும் கம்பியும் நேராகத் தொட்டுக்கொள்வது குறுக்குச்சுற்று. தளர்ந்த இணைப்பு இவ்விரண்டிலும் சேராத மூன்றாவது வகை; அங்கே மின்சாரம் தன் பாதையை விட்டு இம்மியும் விலகாமல், தன் பாதையிலேயே நின்று எரிக்கிறது. மூன்றுக்கும் ஒரே பெயரிட்டால் மூன்றுக்கும் ஒரே மருந்து போதும் என்ற எண்ணம் வளரும். ஆர்சிசிபி பொருத்தியாயிற்று, இனி அச்சமில்லை என்று நம்பும் வீட்டுக்காரருக்கு இந்த ஒரு சொல் இழைக்கும் தீங்கு சிறிதன்று. காவல்துறையின் குறிப்பில் உள்ளதை அப்படியே அச்சேற்றுவதை விட்டு, எந்த இணைப்பில், எவ்விதப் பழுதால் என்று செய்தியாளர்கள் கேட்டு எழுதத் தொடங்கினால் அது பொதுக்கல்வியாகவே அமையும்.

செம்புத் தொடுமுனைகளில் இன்னும் நுட்பமான ஒரு நிகழ்வும் உண்டு. பொறிபட்டுக் கருகும் செம்பின் மேல் வளரும் ஒருவகைச் செம்பு ஆக்சைடு, குளிர்ந்திருக்கும்போது மின்சாரத்தைத் தடுக்கும், மிகச் சூடாகும்போது கடத்தும். ஆகவே அது தன்னைத் தானே செஞ்சூட்டில் வைத்துக்கொண்டு, மணிக்கணக்கில் கனன்று, சுற்றியுள்ள செம்பை மெல்லமெல்ல ஆக்சைடாக மாற்றித் தின்றுகொண்டே போகும். ஒன்றிரண்டு ஆம்பியர் ஓடும் இணைப்பிலும் இது நிகழலாம். ஒளிரும் அந்தப் புள்ளி சுவிட்சுப் பலகைக்குப் பின்னால் மறைந்திருப்பதால், கருகல் வாடை ஒன்றே அதன் அடையாளமாக இருக்கும்.

தில்லியின் தெருக்களில் ஓடும் இ-ரிக்‌ஷாக்களும் இதே இயற்பியலுக்கு உட்பட்டவை. நான்கு 12 வோல்ட் மின்கலங்களைத் தொடராக இணைத்து 48 வோல்ட்டில் இயங்கும் அவ்வண்டி, 1,000 வாட் சுமைக்கே 20 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். அது ஏறக்குறைய மேலே கண்ட வேப் பொத்தானின் மின்னோட்டமே. தெருவின் குலுக்கலில் நாள்தோறும் தளரும் முனைகளில் வெண்பூப் பூத்துக் கிடக்கும் ஈயச் சல்பேட்டைத் துடைத்து இறுக்குவது, அவ்வண்டி ஓட்டுநரின் வருமானத்தையும் காக்கும் செயலாகும், ஏனெனில் முனையில் வெப்பமாகிப் போகும் ஒவ்வொரு வாட்டும் சக்கரத்துக்குப் போகாத வாட்.

மின் நிறுவனங்கள் தளர்ந்த இணைப்பைக் கண்டுபிடிக்க அகச்சிவப்புக் கேமராவைப் பயன்படுத்துகின்றன. ஒரே சுமை தாங்கும் மூன்று கட்டங்களில் ஒன்று மட்டும் ஒளிர்ந்தால் குறை அங்கே என்று தெரிந்துவிடும். வீட்டில் அக்கருவி இல்லாவிட்டாலும் மூக்கும் விரலும் உண்டு. பிளக்கும் சுவிட்சும் முழுச் சுமையில் ஓடும்போது சுற்றுப்புறத்தைவிட 45 டிகிரிக்கு மேல் சூடாகலாகாது என்று பன்னாட்டுத் தரநிலைகள் வகுத்துள்ளன. நல்ல நிலையில் உள்ள வீட்டுப் பிளக் அந்த வரம்புக்கு வெகு கீழேயே நிற்கும், தொட்டால் வெதுவெதுப்புக்கு மேல் தெரியாது.

குளிர்காலம் தொடங்குமுன் ஒவ்வொரு வீட்டாரும் செய்ய வேண்டிய சோதனை ஒன்று உண்டு. கீசரை 20 நிமிடம் ஓடவிட்டு, சுவிட்சை நிறுத்தி, ஈரமில்லாத கையால் பிளக்கை உருவி, அதன் பித்தளைக் கால்களைத் தொடாமல் நிறத்தை மட்டும் பார்க்க வேண்டும். மூன்று கால்களில் ஒன்று மட்டும் கறுத்தோ நீலம் பாரித்தோ இருந்தால், அல்லது சாக்கெட்டின் துளையோரம் பழுப்பேறியிருந்தால், பிளக்கை மட்டுமோ சாக்கெட்டை மட்டுமோ மாற்றினால் போதாது. ஒன்றில் உள்ள கரி மற்றதையும் கெடுத்துவிடும் என்பதால் இரண்டையும் ஒருசேர மாற்றி, கம்பியின் கருகிய நுனியையும் வெட்டி எறிந்துவிட்டுப் புது நுனியை இறுக்க வேண்டும். அதுவரை அந்தக் கீசரைப் போடக் கூடாது.